குற்றாலத்தில் கடை போடலாமா?

ஆனி, ஆடியில் குற்றாலம் போய்வரும் வணிக அன்பர்களுக்கு, இங்கேயே ஒரு கடை போட்டால் என்ன என்ற ஆசை எழுவது இயல்பு. கூட்டம் அப்படி. ஆனால் சீசன் தென்மேற்குப் பருவமழையை நம்பியது. ஜூன் முதல் ஆகஸ்டு வரைதான். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களால் மறுபடி கொஞ்சம் வியாபாரம் உண்டு. வாடகையும் சம்பளமுமோ பன்னிரண்டு மாதத்துக்கும். ஆகவே அட்வான்ஸ் கொடுக்குமுன் பங்குனியில் ஒரு வாரம் அங்கே தங்கி, உள்ளூர்க்காரர்கள் என்ன வாங்குகிறார்கள், எங்கே வாங்குகிறார்கள் என்று பாருங்கள்.

மழை மிஞ்சினாலும் நஷ்டமே. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்தான்; குளிக்கத் தடை வந்தது. தடை நாட்களில் அருவிக்கரைக் கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சாரலில் அப்பளமும் சிப்ஸும் நமத்துப்போகும், வெல்லம் கசியும். தென்காசி பக்கத்திலேயே இருப்பதால் சரக்கைக் குவிக்காமல் அவ்வப்போது எடுப்பதே நல்லது.

ஊர்க்கடையை மூடிவிட்டுப் போவதை நான் சொல்லமாட்டேன். கிளையாக வைப்பதென்றால், இருக்கும் ஜி.எஸ்.டி. பதிவிலேயே கூடுதல் வணிக இடமாக 15 நாட்களுக்குள் சேர்த்துவிடலாம். உணவுப் பாதுகாப்புப் பதிவை மட்டும் புதுக் கடைக்குத் தனியாக எடுக்கவேண்டும்.