தோணிக்காரரின் தர்க்கம்

ஒரு கணினி நிரலைப் பலமுறை ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைவது வேறு, அது எந்த நிலையிலும் பிழைபடாதெனத் தர்க்கத்தால் நிரூபிப்பது வேறு என்றதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அந்த நிரூபண சாஸ்திரத்தைப் போதிக்கும் ஆசிரியர்கள் விளையாட்டுகளையும் புதிர்களையும் நாடுவதன் காரணத்தை இவ்வாரம் ஆராய்வோம்.

மாரி வெள்ளம் கிட்டங்கித் தாம்போதியை மூடி, கல்முனைக்கும் நாவிதன்வெளிக்கும் இடையிலான பாதையைத் துண்டிக்கும் ஒரு நாளில், புலியும் ஆடும் புற்கட்டுமாக ஒருவர் கரையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தோணியில் அவரோடு ஒன்றுக்குத்தான் இடம். அவர் அருகில் இல்லாவிடில் புலி ஆட்டையும் ஆடு புல்லையும் தின்றுவிடும். உம்மம்மாமார் சொல்லிவந்த இதே கணக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பாவில் அல்குயின் என்னும் பண்டிதரின் பெயரால் வழங்கிய தொகுதியில், ஓநாய், ஆடு, கோவா என்று வேடம் மாறி இடம்பெற்றிருக்கிறது.

கெட்டிக்காரப் பிள்ளை விடையைச் சடுதியில் சொல்லிவிடும். நல்லாசிரியரோ அதோடு விடமாட்டார். மனிதர் உட்பட நால்வரும் இரு கரைகளில் நிற்கக்கூடிய நிலைகள் 16 என்பதையும், அவற்றுள் ஆபத்தானவை ஆறு போக எஞ்சுபவை பத்து என்பதையும் எழுதச் செய்து, அப்பத்தையும் புள்ளிகளாக்கிக் கோடுகளால் இணைக்கச் சொல்வார். ஏழு பயணங்களில் காரியம் முடியுமென்பதோடு, அதற்குக் குறைவாக எவராலும் முடியாதென்பதும் அப்படத்திலே துலங்கும். பின்னதுதான் நிரூபணம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கிளார்க், எமர்சன், சிபாகிஸ் முதலியோர் நிலைகள் அனைத்தையும் ஆராயும் இவ்வேலையை இயந்திரத்திடமே ஒப்படைக்கும் யுக்தியை வகுத்தார்கள். அம்மூவருக்கும் 2007ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. இதிலே எனக்கு மிகவும் பிடித்த வேடிக்கை ஒன்றுண்டு. "எல்லோரும் பத்திரமாக அக்கரை சேரவே முடியாது" என்று நாம் வேண்டுமென்றே பொய் சொன்னால், விடாக்கண்டனான அந்த இயந்திரம் நம்மை மறுப்பதற்காக ஓர் எதிருதாரணத்தைக் கொண்டுவந்து நீட்டும். அந்த எதிருதாரணமே புதிரின் விடை!

பல்கலைக்கழகப் படிப்பில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்போர் உண்டு. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் தர்க்கத்தையும் கணினியியலையும் ஆராய்ந்த ஆர். ராமானுஜம், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வாயிலாகப் பள்ளிப் பிள்ளைகளிடம் கணிதத்தைக் கொண்டுசென்றவர் என்பதை அவர்கள் கவனிக்கட்டும். விடை வந்ததும் கைதட்டிக் கலைந்துவிடும் வகுப்புதான் என் கவலை.

எல்லா நிலைகளையும் எழுதிப் பார்ப்பதற்கும் எல்லையுண்டு. நால்வருக்கு 16 என்றால் நாற்பது பேருக்கு ஒரு லட்சம் கோடியைத் தாண்டும். அப்போது, எத்தனை மாற்றம் நிகழ்ந்தாலும் தான் மாறாத ஒரு குணத்தைக் கண்டுபிடிப்பதே வழி. டேவிட் கிரீஸ் 1981இல் வெளியிட்ட நூலில் காப்பிக்கொட்டைகளைக் கொண்டு விளக்கியதை நாம் நம்மூர்ச் சோகிகளைக் கொண்டு செய்யலாம்.

ஒரு பெட்டியில் 15 சோகிகளும் 20 புளியங்கொட்டைகளும் உள்ளன. பாராமல் இரண்டை எடுங்கள். இரண்டும் ஓரினமானால் அவற்றை அகற்றி, வெளியிலிருந்து ஒரு புளியங்கொட்டையைப் போடுங்கள். வேறினமானால் சோகியை மட்டும் திரும்பப் போடுங்கள். இப்படியே தொடர்ந்தால் கடைசியில் எஞ்சும் ஒன்று எது? ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் கணினி பயிலும் பிள்ளைகளும் ஏனைய வாசகர்களும், விடையை மட்டுமன்றி அதன் நிரூபணத்தையும் அடுத்த இதழுக்குள் எழுதிப் பார்ப்பார்களாக.