நாயும் நம் சொல்லும்

விலங்குகளையும் பறவைகளையும் அழைப்பதற்கென மக்கள் சில ஒலிகளைத் தனியே வைத்திருக்கின்றனர். காக்கையைக் ‘கா கா’ என்றும், கோழியைப் ‘பா பா’ என்றும், நாயைத் ‘தோ தோ’ என்றும் அழைக்கிறோம். நாயை ஏவும்போது ‘சூ’ என்கிறோம். நாகூரின் தெருக்களிலும், அதனை அடுத்துள்ள வயல்வெளிகளிலும் இவ்வொலிகளைக் கேட்கலாம். இவற்றிற்கு இலக்கணம் இல்லை. ஆயினும் பொருள் உண்டு. ஒரே ஒலியும் அதனைத் தொடரும் ஒரே பயனும் பன்முறை சேர்ந்து வருவதால் அப்பொருள் பிறக்கிறது. நாயைப் பழக்கும் கலைக்கு அடிப்படையும் இதுவே.

நாயின் கற்கும் ஆற்றல் பெரிது. அமெரிக்காவில் சேசர் என்னும் பெண் நாய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டது. அதனைப் பழக்கியவர் ஜான் பில்லி என்னும் உளவியற் பேராசிரியர். நம் மாநிலத்திலும் 1951ஆம் ஆண்டிலேயே காவல்துறையில் மோப்ப நாய்ப் பிரிவு தொடங்கப்பெற்றது. பழக்குவோரின் சொல்லறிந்து நடக்கும் நாய்கள் அன்றுமுதல் குற்றங்களைத் துப்பறிய உதவி வருகின்றன.

அங்ஙனமாயின், நம் வீட்டு நாய் சொற்கேளாதிருப்பது ஏன்? ஒரு வீட்டில் தந்தையார் ‘உட்கார்’ என்கிறார். பாட்டியார் ‘குந்து’ என்கிறார். சிறுவனோ ‘சிட்’ என்கிறான். நமக்கு இம்மூன்றும் ஒன்றே. நாய்க்கோ இவை மூன்று வெவ்வேறு ஒலிகள். ஆதலின், ஒரு செயலுக்கு ஒரு சொல்லையே வீட்டார் அனைவரும் வழங்குதல் வேண்டும்.

சொல்லைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். ‘படு’, ‘விடு’, ‘எடு’ என்பன ஒத்த ஓசையுடையன. அவற்றை ஒருங்கே கற்பித்தால் நாய் மயங்கும். மேலும், தமிழில் எதிர்மறை சொல்லின் இறுதியில் வருகிறது. ‘ஓடாதே’ என்று கூவும்போது நாயின் செவியில் முதலில் விழுவது ‘ஓடு’ என்பதன் ஓசையே. ஆகவே, ‘ஓடாதே’ என்பதனினும் ‘நில்’ என்பதே நன்று. செய்யலாகாததைச் சொல்வதைவிடச் செய்யவேண்டியதைச் சொல்வது எளிதில் விளங்கும்.

‘உட்கார்’ என்பதனைக் கற்பிக்கும் முறையைக் காண்போம். சிறிது உணவை நாயின் மூக்கருகே காட்டி, மெல்ல மேலே உயர்த்த வேண்டும். தலை நிமிரவே பின்னுடல் தாழும். அது தரையில் அமர்ந்த அக்கணமே ‘நல்லது’ என்று பாராட்டி உணவைத் தருதல் வேண்டும். சற்றே தாழ்த்தினும், எழுந்து நின்றதற்கே பரிசு கிடைத்ததாக நாய் எண்ணிவிடும். இவ்வசைவு பழகியபின், கையை உயர்த்துவதற்குச் சற்று முன்னரே ‘உட்கார்’ என்று ஒருமுறை சொல்ல வேண்டும். நாளடைவில் சொல் ஒன்றே போதும்.

குரலும் சொல்லோடு இசைதல் வேண்டும். ஹங்கேரி நாட்டு அறிஞர்கள், நாய்களை அசையாது படுத்திருக்கப் பழக்கி, அவற்றின் மூளை இயங்கும் முறையைக் கருவியால் ஆராய்ந்து, 2016ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பாராட்டுச் சொல்லைப் பாராட்டும் குரலிற் கூறியபோதே, மகிழ்ச்சிக்குரிய மூளைப்பகுதி மிகுதியாக இயங்கியது. சொல் மட்டுமோ குரல் மட்டுமோ அவ்விளைவைத் தரவில்லை.

வீட்டு முற்றத்தில் கற்றதை நாய் கடைத்தெருவில் மறந்துவிடக் கூடும். எனவே முற்றத்திலும், பின்னர் அமைதியான தெருவிலும், அதன்பின் ஆள்நடமாட்டமுள்ள இடத்திலும் படிப்படியாகப் பழக்க வேண்டும். கந்தூரி விழாவின்போது நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குக் கொடி ஊர்வலம் வரும். அந்நாட்களில் தெருவெங்கும் மக்கள் திரள்வர். வாத்திய முழக்கம் எழும். அத்தகைய ஆரவாரத்தில் மிரண்டு வண்டிகளுக்கிடையே பாயும் நாயை மீட்க வல்லது ‘வா’ என்னும் ஓரெழுத்துச் சொல்லே. அழைத்ததும் வந்த நாயை, முன்செய்த குறும்புக்காக ஒருமுறை அடித்துவிட்டால், அச்சொல் அதற்கு அடியின் அறிகுறியாகிவிடும். பின்னர் அது உயிர் காக்க உதவாது.

நாய் சொற்கேளாதபோது அதனை அறிவற்றது என்று இகழ்வதும், கோலெடுத்து அடிப்பதும் எளிது. அதன்முன், நாம் ஒரே சொல்லைச் சொன்னோமா, உரிய நேரத்திற் பாராட்டினோமா என்று எண்ணிப் பார்ப்பதே முறை. வாயற்ற உயிர் நம்மிடம் விளக்கம் கேட்க இயலாது. ஆதலின், விளங்கச் சொல்லும் கடமை நம்முடையதே ஆகும்.