பாரம் ஏற்றிய வண்டி ஏன் உடனே நிற்பதில்லை?

வாலாஜாபாத் பக்கம் நெல் அறுவடை முடிந்தால் டிராக்டரும் டிரெய்லருமாகச் சாலையில் ஏறிவிடுகிறோம். கொள்முதல் நிலையத்துக்குப் போகணும், அரிசி ஆலைக்குப் போகணும். அதே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில்தான் ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வந்து போகிற கன்டெய்னர் லாரிகளும், புதுக் கார்களை அடுக்கி ஏற்றிய நீள வண்டிகளும் ஓடுகின்றன. இந்த நெரிசலில் உயிரைக் காப்பது விசை, ஆற்றல் என்ற இரண்டு சங்கதிகள். பள்ளிக்கூடத்துப் பாடம்தானே என்று ஒதுக்க வேண்டாம்.

முதலில் விசையைப் பார்ப்போம். நிற்கிற மாட்டுவண்டியைக் கிளப்பும்போது மாடு கழுத்தைக் கொடுத்து முக்கி இழுக்கிறது. நகர்ந்த பிறகு அவ்வளவு சிரமம் இல்லை. நிற்கிற பொருள் நின்றுகொண்டே இருக்கப் பார்க்கும். ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும். நிலையை மாற்ற வெளியிலிருந்து ஒரு விசை வேண்டும். இதை நியூட்டன் 1687-ல் வெளியிட்ட தம் நூலில் விதியாக எழுதி வைத்தார். மாடு இழுப்பது ஒரு விசை. பிரேக் பிடித்ததும் டயருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே உண்டாகிற உராய்வும் ஒரு விசை. ஓடுகிற வண்டியை நிறுத்துவது அந்த உராய்வுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். டிராக்டர் 2 டன், வெறும் டிரெய்லர் ஒன்றரை டன், நெல் 3 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஆறரை டன். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லையென்றால், 2 டன் டிராக்டரின் பிரேக்கே இந்த ஆறரை டன்னையும் பிடித்து நிறுத்த வேண்டும். விசை அதேதான், எடையோ மூன்று பங்குக்கு மேல். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் டிராக்டர் 6 மீட்டரில் நிற்குமானால், பாரத்தோடு ஏறக்குறைய 20 மீட்டர் ஓடித்தான் நிற்கும்.

அடுத்தது ஆற்றல். 18-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் ஸ்கிராவெசாண்டே, பித்தளைக் குண்டுகளை உயரத்திலிருந்து களிமண்ணில் போட்டுப் பார்த்தார். இரண்டு மடங்கு வேகத்தில் விழுந்த குண்டு களிமண்ணில் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு வேலை செய்தது. ஓடுகிற பொருளின் ஆற்றல் அப்படித்தான் ஏறும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

லாரிக்கும் அதே கதைதான். நல்ல பிரேக், காய்ந்த சாலை என்று வைத்துக் கணக்கிட்டால், மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிற லாரி பிரேக் பிடித்தபின் சுமார் 7 மீட்டரில் நிற்கும். 60 கிலோமீட்டரில் 28 மீட்டர் வேண்டும். டிரைவர் பார்த்து, காலை வைக்க ஒரு விநாடி ஆகும். அதற்குள் இன்னொரு 17 மீட்டர் போய்விடும். ஆகமொத்தம் 45 மீட்டர். மழை பெய்து சாலை ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். ராத்திரியில் விளக்கில்லாத டிரெய்லரை 30 மீட்டரில் கண்டால் எவ்வளவு கெட்டிக்கார டிரைவரும் என்ன செய்ய முடியும்? 15 மீட்டர் குறைகிறதே! 200 மீட்டரிலேயே நம்ம வண்டி அவர் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் நிதானமாகவே நிறுத்திவிடலாம்.

ஒரகடத்தில் மத்திய அரசு அமைத்த வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வண்டிகளை ஓட்டி, பிரேக் பிடித்து, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அங்கே அளந்து பார்க்கிறார்கள். நம்ம பழைய டிரெய்லரை யார் சோதிப்பது? நாமதான்.

கவனிக்க வேண்டியவை இவை. டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் திரும்ப இது வசதி. சாலையில் ஏறுமுன் இரண்டையும் கொக்கி போட்டுச் சேர்த்துவிட வேண்டும். மறந்துபோய் ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு சக்கரம் நிற்கும், மற்றது ஓடும். வண்டி சுழன்று குடை சாயும்.

ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் விடக் கூடாது. கியரில் இருந்தால் இஞ்சினும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும். நியூட்ரலில் பின்னாலிருக்கிற பாரம் டிராக்டரைத் தள்ளிக்கொண்டே போகும்; வளைவில் பக்கவாட்டில் மடக்கியும் விடும்.

டிரெய்லரின் பின்பக்கம் முழு அகலத்துக்கும் சிவப்பு ஒளிர்பட்டை ஒட்டுங்கள். சேறோ வைக்கோலோ அதை மூடியிருந்தால் துடையுங்கள். வண்டி பழுதாகி நின்றால் தார்ச்சாலையை விட்டுக் கீழே இறக்குங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் பிரேக் உள்ள டிரெய்லராகக் கேட்டு வாங்குங்கள்.

எடையைக் குறைக்க முடியாத நாள் வரும். நெல்லைக் களத்தில் விட்டுவிட்டு வர முடியுமா? ஆனால் வேகத்தைக் குறைப்பது எப்போதும் நம்ம கையில் இருக்கிறது. பாதி வேகத்தில் போனால் வண்டியில் இருக்கிற ஆற்றல் கால் பங்குதான். அரை மணி தாமதமாகப் போனாலும் நெல் நெல்லாகவே போய்ச் சேரும். ஓட்டுகிற பிள்ளையும் வீடு வந்து சேருவான்.