ராணுவ ஹெட்செட் ஹாம் ரேடியோவில் ஏன் முணுமுணுக்கிறது?

அமெரிக்க ராணுவம் கழித்த பழைய விமானி ஹெட்செட்டை ஹாம் ரேடியோவில் இணைத்துப் பேசினால், எதிர்முனைக்குக் குரல் ஏறக்குறைய எட்டாது. ஹெட்செட்டில் பழுதில்லை. அந்த மைக்கின் இம்பிடன்ஸ் வெறும் 5 ஓம். ஹாம் கருவிகள் பலவும் 600 ஓம் அளவை எதிர்பார்ப்பவை. மைக்கின் சிறிய கம்பிச்சுருள் தரும் மின்னழுத்தமும் மிகக் குறைவு.

நடுவே ஓர் ஆடியோ டிரான்ஸ்பார்மர் வைத்தால் போதும். 600-ஐ 5-ஆல் வகுத்தால் 120. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 11. கருவிப் பக்கச் சுருளில் 11 மடங்கு சுற்றுகள் இருந்தால் மின்னழுத்தமும் அத்தனை மடங்கு உயரும். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் 1000-க்கு 8 ஓம் அவுட்புட் டிரான்ஸ்பார்மரைத் திருப்பிப் போட்டாலே வேலை நடக்கும். சில கருவிகள் எலெக்ட்ரெட் மைக்குக்காக அதே கம்பியில் நேர்த்திசை மின்சாரம் அனுப்பும். அதைத் தடுக்க 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தொடராகச் சேருங்கள்.

இவ்வளவு மெனக்கெடத் தகுந்த மைக்தான் இது. முன்னும் பின்னும் திறப்பு உண்டு. தூரத்து இரைச்சல் இருபுறமும் சமமாக மோதுவதால் உள்ளிருக்கும் சவ்வு அதிகம் அசையாது. ஜெனரேட்டர் உறுமும் பேரிடர் முகாமில் இது பெரிய வரம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: உதடு மைக்கைத் தொடும்படி பேசுங்கள். இரண்டங்குலம் விலகினாலே உங்கள் குரலும் இரைச்சலோடு சேர்ந்து அடிபட்டுவிடும்.