வலி வந்த பிறகும் சீனியைக் கவனிக்க வேண்டும்

கர்ப்ப காலத்தில் சீனி வருத்தம் இருப்பதாகக் கிளினிக்கில் சொன்னதும் நமது தோட்டத்துத் தாய்மார் பலர் சாப்பாட்டில் கவனமாகிவிடுகிறார்கள். கோதுமை மா ரொட்டியைக் குறைத்து, சீனி போடாத தேத்தண்ணீருக்கும் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் வலி தொடங்கியதும் வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடுவதுண்டு. "பெலன் வேணும், குடி தாயி" என்று மாமியார் சீனியை அள்ளிப்போட்ட பிளேன்டீயை நீட்டுவார். அன்பினால் கொடுப்பதுதான். ஆனாலும் பிரசவத்திற்கு முந்திய அந்தச் சில மணித்தியாலங்களில் தாயின் சீனி ஏறுவது பிள்ளையைப் பாதிக்கும்.

தாயின் இரத்தத்திலுள்ள சீனி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குச் செல்லும். தாயின் இன்சுலின் செல்லாது. இதை டென்மார்க் நாட்டு வைத்தியர் யோர்கன் பீடர்சன் 1950களில் விளக்கினார். வந்து சேரும் சீனியைச் சமாளிக்கப் பிள்ளையின் உடம்பே அதிக இன்சுலினைச் சுரக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சீனி வரத்து நின்றுவிடும், சுரந்த இன்சுலினோ மிஞ்சியிருக்கும். அதனால் பிள்ளையின் சீனி சடுதியாக இறங்கி நடுக்கம், சோர்வு, கடுமையானால் வலிப்புக்கூட ஏற்படலாம்.

இதனால்தான் பிரசவ அறையில் மணிக்கொரு தடவை விரலில் குத்திப் பார்க்கிறார்கள். ஒரு டெசிலீற்றருக்கு 70 முதல் 126 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. உணவினால் மட்டும் கட்டுப்படுத்திய பலருக்கு இன்சுலின் தேவைப்படுவதில்லை. கூடினால் இன்சுலினையும் குளுக்கோஸ் சேலைனையும் சேர்த்தே ஏற்றுவார்கள். "சீனிக்காரிக்கு எதற்குக் குளுக்கோஸ்?" என்று பயப்பட வேண்டாம். வெறும் வயிற்றோடு கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேற முடியுமா? பிள்ளை பெறுவதும் அப்படியொரு வேலைதான்.

மடுல்சீமை, லுணுகலைப் பக்கமிருந்து பதுளை வைத்தியசாலைக்கு வரும் மலைப்பாதையில் கழியும் நேரமும் இதில் சேரும். ஆகவே வலி வந்தால் இன்சுலின் ஊசியைப் போடுவதா, விடுவதா என்பதைக் கடைசி மாதக் கிளினிக்கிலேயே கேட்டு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். இன்சுலின் போடும் தாய்க்கு வழியில் வியர்த்து, கை நடுங்கினால் சீனி இறங்கியிருக்கலாம். அப்போது மட்டும் இனிப்பு கொடுக்கத்தான் வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். முன்கூட்டியே வந்து தங்கும்படி வைத்தியர் சொன்னால், மூத்த பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்பைக் கணவர் ஏற்க வேண்டும். அது ஒன்றும் பெரிய தியாகமல்ல.

பிறந்த பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு அணைத்து ஒரு மணித்தியாலத்திற்குள் முதற்பாலைக் கொடுக்க வேண்டும். நமது மலைக்குளிரில் உடல் குளிர்ந்தாலும் பிள்ளையின் சீனி இறங்கும். வீட்டாராகத் தேனோ சீனித்தண்ணீரோ தொட்டு வைக்கக் கூடாது. குதிகாலில் குத்திப் பார்ப்பதைக் கண்டு பாட்டிமார் சண்டை பிடிக்கவும் வேண்டாம்.

பிரசவத்தின் பின் பெரும்பாலான தாய்மாருக்கு இன்சுலின் நிறுத்தப்படும். எனினும் ஆறு வாரங்களின் பின் தாய்க்கு மறுபடியும் சோதனை உண்டு. அது தவறியிருந்தால், இரண்டு மாதம் முடிந்து பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும்போது குடும்பநல மாதுவிடம் ஞாபகப்படுத்துங்கள்.