பரணில் உறங்கும் பொருள்கள்

ரமலான் நெருங்குகையில் இல்லத்திற்கு வெள்ளையடித்துப் பரணை ஒழிப்பது நம்மவர் வழக்கம். எத்தனை பொருள்கள் ஆண்டுக்கணக்கில் எவருக்கும் பயன்படாமல் உறங்குகின்றன என்பது அன்றுதான் கண்ணில் படுகிறது.

அவற்றுள் கிழிந்த கைலியும் நசுங்கிய தேக்சாவும் ஏழையின் வாசலுக்குச் செல்கின்றன. ஒரே முறை உடுத்திய பட்டுச் சேலையோ மீண்டும் பீரோவுக்குள் புகுந்துகொள்கிறது. இது தர்மமா, குப்பை கழிப்பதா?

நாமே முகஞ்சுளித்துப் பெறக்கூடிய மட்டமான பொருளைத் தானமாக அளிக்க நாடுவதைத் திருமறையின் 2:267ஆம் வசனம் தடுக்கிறது. விரும்பும் பொருளிலிருந்து வழங்குவதே நன்மைக்கு வழி என உணர்த்தும் 3:92ஆம் வசனம் அருளப்பெற்றதும், அபூதல்ஹா (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள்? மதீனாப் பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த, தமக்கு மிகப் பிரியமான ‘பைருஹா’ தோட்டத்தையே அல்லாஹ்வுக்காக அளிக்க முன்வந்தார்கள். அதனை உறவினருக்கு வழங்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூற, அவ்வாறே பங்கிட்டார்கள்.

ஆகவே, பரணை ஒழித்த கையோடு பீரோவையும் திறப்போம். நல்லவற்றுள் ஒன்றை எடுத்து, வறிய உறவினரை முதலில் நினைப்போம். வீட்டில் இடம் பெருகும். உள்ளமும் விசாலமாகும், இன்ஷா அல்லாஹ்!