தாய்மொழியே ஆயுதமான சிப்பாய்

கய் ஸ்டெர்ன் 1922 ஜனவரி 14 அன்று வட ஜெர்மனியின் ஹில்டஸ்ஹைம் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் குந்தர். தந்தை யூலியுஸ் துணி வியாபாரத்தில் இருந்தார், தாய் ஹெட்விக். வெர்னர் என்று ஒரு தம்பி, எலியோனோரே என்று ஒரு தங்கை. பெரிய பணக்காரர்கள் இல்லை. அக்கம்பக்கத்தாரோடு கலந்து பழகி, நாடகமும் புத்தகமுமாக வாழ்ந்த நடுத்தரக் குடும்பம்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது குந்தருக்கு வயது 11. கொடுமை ஒரே நாளில் வந்துவிடவில்லை. முதலில் பள்ளி நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். பிறகு வகுப்பறையில் ஏளனம், தெருவில் அடி. பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து யூலியுஸ் ஓர் அறிவுரை சொன்னார்: கண்ணுக்குத் தெரியாத மையைப் போல இருங்கள், யார் கவனத்திலும் படாதீர்கள், காலம் மாறும்போது எழுத்து தானாகத் தெரியவரும். மகன் இதை மறக்கவே இல்லை. 2020இல், 98 வயதில் வெளியிட்ட தன் வாழ்க்கை வரலாற்று நூலுக்கு அந்த மையின் பெயரையே வைத்தார்.

நிலைமை மோசமாகிக்கொண்டே போனதால், மூத்த மகனையாவது வெளியே அனுப்பிவிடப் பெற்றோர் முடிவு செய்தனர். தாயின் அண்ணன் ஒருவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரொட்டிக்கடைத் தொழிலாளியாக இருந்தார். அமெரிக்கா ஐரோப்பிய நாடு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர் என்று 1924ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரம்பு கட்டியிருந்தது. அந்த வரம்புக்குள் இடம் இருந்தாலும் நுழைவு எளிதல்ல. வருகிறவர் அரசுக்குப் பாரமாக மாட்டார் என்று அங்குள்ள ஒருவர் தன் வருமானத்தையும் சொத்தையும் காட்டி உறுதிப் பத்திரம் எழுதித்தர வேண்டும். பொருளாதார மந்தக் காலத்தில் அந்த மாமாவின் சம்பளம் ஒரு பையனுக்கு மட்டுமே ஈடு கொடுத்தது. ஐந்து பேருக்குப் போதவில்லை. ஒரு யூத உதவி அமைப்பின் துணையோடு 1937இல், 15 வயதில், குந்தர் தனியாகக் கப்பலேறினார். மீதி நால்வரையும் அழைத்துக்கொள்ள வழி தேடவேண்டியது இனி அவர் பொறுப்பு.

செயின்ட் லூயிஸில் பள்ளிக்குப் போனார், ஆங்கிலம் பழகினார், ஓட்டல்களில் எச்சில் தட்டு எடுத்தார். யாரைச் சந்தித்தாலும், உறுதிப் பத்திரம் எழுதித்தர முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். ஒருநாள் வழியில் காரில் ஏற்றிக்கொண்ட ஒருவர் சரி என்று சொல்லிவிட்டார். கையில் பணமும் இருந்தது, மனமும் இருந்தது. இருவரும் வழக்கறிஞர் ஒருவரிடம் போனார்கள். தொழில் என்ன என்று வழக்கறிஞர் கேட்டார். சூதாட்டம் என்று பதில் வந்தது. அப்படிப்பட்டவரின் உறுதியை அரசு ஏற்காது என்று சொல்லி விஷயத்தை அங்கேயே முடித்துவிட்டார் வழக்கறிஞர். நான்கு உயிர்களைக் காத்திருக்கக்கூடிய ஒரு கையெழுத்து, தொழில் மரியாதையானது அல்ல என்ற காரணத்தால் விழாமல் போயிற்று. 1942இல் வீட்டார் நாடுகடத்தப்பட்டனர்; வார்சாவின் யூதச் சேரியிலிருந்து அவர்களின் கடிதம் ஒன்று வந்தது. அதுதான் கடைசிக் கடிதம்.

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும் ஸ்டெர்ன் தானாகவே போய்க் கடற்படை உளவுப் பிரிவில் சேர முயன்றார். அமெரிக்காவில் பிறந்தவர் அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். சட்டப்படி அப்போது ஜெர்மன் குடிமக்கள் எல்லோரும் எதிரிநாட்டார்தான். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவருக்கும் அதே முத்திரை. ஆனால் தரைப்படை கட்டாய ஆள்சேர்ப்பில் அவரை எடுத்துக்கொண்டது. டெக்சஸில் பயிற்சியில் இருந்தபோதே குடியுரிமையும் கிடைத்தது. பிறகு எங்கே என்று சொல்லாமல் மேரிலாந்து மலைப்பகுதியிலிருந்த ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள்.

அதுதான் ரிச்சி முகாம். 1942 ஜூனில் அமெரிக்கப் படையின் உளவுப் பயிற்சி மையம் அங்கே தொடங்கப்பட்டது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 20,000 பேர் அங்கே பயின்றார்கள். அவர்களில் 2,000 பேருக்கு மேல் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் தப்பி வந்த யூத இளைஞர்கள். எதிரிநாட்டார் என்று சந்தேகிக்கப்பட்டவர்களிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருந்ததைப் படை கண்டுகொண்டது. ஜெர்மன் பேச்சில் எந்த ஊர் வாடை வீசுகிறது, பள்ளியில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள், எதற்குப் பயப்படுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். எட்டு வாரப் பயிற்சியில் கைதி விசாரணை, வானிலிருந்து எடுத்த படங்களைப் படிப்பது, ஜெர்மன் படைப்பிரிவுகளின் அமைப்பையும் தளபதிகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்வது என்று எல்லாம் இருந்தன. ஜெர்மன் சீருடை மாட்டிக்கொண்டு கைதிகளாக நடிக்கவும் ஆட்கள் இருந்தார்கள். இங்கே பயின்றவர்களைப் பின்னாளில் ‘ரிச்சி பாய்ஸ்’ என்று அழைத்தார்கள்.

நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கி மூன்று நாள் கழித்து, 1944 ஜூன் 9 அன்று, ஸ்டெர்ன் பிரான்ஸ் மண்ணில் கால் வைத்தார். வேலை உடனே தொடங்கியது. பிடிபட்ட ஜெர்மன் சிப்பாய்கள் பெயர், பதவி, எண் தவிர எதுவும் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர். ஜெனீவா ஒப்பந்தப்படி அவர்களை அடிக்கவும் கூடாது. வாய் திறக்க வைக்கத் தந்திரம்தான் வேண்டும். ஜெர்மானியர்கள் எதற்கு நடுங்குகிறார்கள் என்று ஸ்டெர்னும் அவருடைய கூட்டாளி ஃபிரெட் ஹாவர்டும் யோசித்துப் பார்த்தார்கள். சோவியத் படையிடம் சிக்குவதற்குத்தான்.

அங்கிருந்து பிறந்தவர் ‘கமிசார் குருகோவ்’. கிழக்குப் போர்முனையில் ரஷ்யர்களிடமிருந்து ஜெர்மானியர்கள் பறித்துவந்த பதக்கங்கள் இப்போது கைதிகளின் பைகளில் கிடைத்தன. அவற்றையெல்லாம் சட்டையில் குத்திக்கொண்டு, ரஷ்ய வாடை கலந்த ஜெர்மனில் உறுமும் சோவியத் அதிகாரியாக ஸ்டெர்ன் தனிக் கூடாரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஸ்டாலின் படம். அதில், நண்பர் குருகோவுக்கு என்று ஸ்டாலினே எழுதிக் கொடுத்தது போன்ற வாசகம். பேச மறுக்கும் கைதியிடம் ஹாவர்ட் வருத்தமாகச் சொல்வார்: எனக்கு இஷ்டமில்லை, ஆனால் வாய் திறக்காதவர்களை ரஷ்யர்களிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு. கூடாரத்துக்குள் குருகோவ் கத்துவார்; ஹாவர்ட் கைதிக்காகப் பரிந்து வாதாடுவார். வெளியே வந்ததும் பலர் பேசத் தொடங்கிவிடுவார்கள். ஒரு கைதிமீதும் கை வைக்காமல் நடந்த காரியம் இது.

ஒரே விஷயத்தைப் பல கைதிகளிடம் கேட்டு, பதில்களை ஒப்பிட்டு முடிவுக்கு வரும் முறையையும் ஸ்டெர்ன் வகுத்தார். அதற்காக அவருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் கிடைத்தது. ஐரோப்பியப் போர்க்களத்தில் கிடைத்த பயனுள்ள உளவுத் தகவல்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் ரிச்சி முகாம் ஆட்கள் கொண்டுவந்தவை என்று போருக்குப் பின் அமெரிக்கப் படையே கணக்கிட்டது.

ஆபத்து சாதாரணமானதல்ல. மற்ற சிப்பாய்க்குப் பிடிபட்டால் சிறை, இவர்களுக்கு மரணம். கழுத்தில் தொங்கும் அடையாளத் தகட்டில் யூதர் என்று காட்டும் எழுத்து இருந்தது. 1944 டிசம்பரில் ஆர்டென்ஸ் பகுதியில் ஜெர்மானியர் நடத்திய எதிர்த்தாக்குதலில் சிக்கிய ரிச்சி ஆட்கள் இருவரை, பெர்லின் யூதர்கள் என்று தெரிந்ததும் ஒரு ஜெர்மன் கேப்டன் சுட்டுக்கொல்லச் செய்தார். அந்தக் கேப்டனை அமெரிக்க ராணுவ நீதிமன்றம் விசாரித்து மரண தண்டனை விதித்தது; 1945இல் அது நிறைவேற்றப்பட்டது.

1945 ஏப்ரல் 11 அன்று புகன்வால்ட் வதை முகாம் விடுவிக்கப்பட்டது. சில நாட்களில் ஸ்டெர்ன் அங்கே போனார். எலும்பும் தோலுமாக நின்றவர்களைப் பார்த்து அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, கல்நெஞ்சர் என்று பெயரெடுத்த சக சார்ஜென்ட்டும் பக்கத்தில் அழுதுகொண்டிருந்தார். போர் ஓய்ந்ததும் ஹில்டஸ்ஹைமுக்குப் போனார். மார்ச் 22 குண்டுவீச்சில் நகரம் இடிபாடாகியிருந்தது. பெற்றோரையும் தம்பி தங்கையையும் 1942இல் வார்சாவுக்கு நாடுகடத்திய செய்தியை ஊரில் எஞ்சியிருந்தவர்கள் சொன்னார்கள். நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அவ்வளவுக்குப் பிறகும் ஜெர்மன் மொழியை அவர் வெறுக்கவில்லை. இந்த வாழ்க்கையில் மிகவும் வியக்கத்தக்கது இதுதான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1954இல் முனைவர் பட்டம் வாங்கி, ஜெர்மன் இலக்கியப் பேராசிரியரானார். நாஜிகளால் துரத்தப்பட்ட எழுத்தாளர்களின் படைப்புகளை வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டார். 1978 முதல் டெட்ராய்ட்டின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். ஓய்வுக்குப் பிறகும் மிச்சிகன் யூத இனப்படுகொலை நினைவு மையத்தில், யூதர்களைக் காப்பாற்றிய பிறரின் கதைகளைத் திரட்டும் பொறுப்பில் இருந்தார்.

ரிச்சி முகாமின் பணி வெகுகாலம் வெளியே பேசப்படவில்லை. 2004இல் வந்த ஓர் ஆவணப்படத்துக்குப் பிறகே உலகம் பரவலாக அறிந்தது. ஒருகாலத்தில் துரத்திய ஹில்டஸ்ஹைம் நகரம் 2012இல் ஸ்டெர்னைக் கௌரவக் குடிமகனாக்கியது. பிரான்ஸ் 2017இல் லெஜியன் ஆஃப் ஹானர் விருது தந்தது. 2023 டிசம்பர் 7 அன்று, 101 வயதில் அவர் காலமானார்.